துடுப்பு வேறு, தண்டு வேறு: விளையாட்டுப் பக்க நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் விளையாட்டுச் செய்தி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் உங்களுக்கு அந்நியன் இல்லை. ஒரு நாளிதழில் பத்தொன்பது வருடம் பிழை திருத்துநராக இருந்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு உள்ளே போய், கடைசிப் பதிப்பு அச்சுக்குப் போன பிறகு, டீக்கடைக்காரர் பாய்லரைக் கழுவிக் கவிழ்த்துவிட்ட நேரத்தில் வெளியே வருகிற பிழைப்பு. எனவே இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் குறை எல்லாவற்றிலும் எனக்கும் பங்கு உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

2023 அக்டோபர் 3. ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு பாருல் சவுத்ரி 5000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம், அன்னு ராணி ஈட்டி எறிதலில் தங்கம். பக்கம் முழுக்க அவர்கள் இருவரும்தான். அதில் தப்பே இல்லை. அதே நாளில் அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் என்ற இரண்டு பேர் கனூ என்கிற துடுப்புப் படகுப் போட்டியில், ஆண்கள் இரட்டையர் 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கியிருந்தார்கள். ஏஜென்சி காப்பி வந்தது. ஆறு வரியாகச் சுருங்கி, கீழ் மூலையில் ஒரு பெட்டியில் உட்கார்ந்தது. தலைப்பு: ‘துடுப்புப் படகில் மேலும் ஒரு வெண்கலம்’. படம் வேண்டுமே? ஒரு வாரத்துக்கு முந்தைய ஃபைலில் ‘படகு’ என்று தேடினால் என்ன வருமோ அது வந்தது.

நான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ‘துடுப்புப் படகு’ என்ற இடத்தில் ‘ப்’ மிகுந்திருக்கிறதா என்று பார்த்தேன். மிகுந்திருந்தது. டிக் போட்டு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ஒரு போன். யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் ஆபரேட்டர் எங்கள் மேஜைக்குத் தள்ளிவிட்டார். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர். குரலில் கோபம் இல்லை, சந்தேகம் கேட்கிற குரல்தான்.

“தம்பி, துடுப்புப் படகுன்னு போட்டிருக்கீங்க. படத்துல இருக்கறது தண்டு.”

“சரிங்கய்யா, ரெண்டும் ஒண்ணுதானே?” என்றேன்.

“எப்படிப்பா ஒண்ணாகும்? தண்டு வலிக்கிறவன் போற பக்கத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காருவான். தண்டு படகோட மாட்டியிருக்கும். துடுப்பு கையோட வந்துரும், போற திசையப் பாத்துத்தான் போடுவான். எங்க பக்கம் சின்னப் புள்ளையக் கேட்டாலும் சொல்லும். அப்புறம் இன்னொண்ணு தம்பி, செயிச்சது ரெண்டு பேருன்னு எழுதியிருக்கீங்க. படத்துல நாலு பேரு இருக்கான்.”

நாலு பேர்தான் இருந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் ரோயிங்கில், அதாவது தண்டு வலிக்கும் போட்டியில், வெண்கலம் வாங்கிய நால்வர் அணி அது. ஒற்றெழுத்தைப் பார்த்த கண் தலையை எண்ணவில்லை.

நண்பர்களே, அந்தப் பெரியவர் மூன்று வாக்கியத்தில் சொன்னதைத்தான் இரண்டு சர்வதேச சம்மேளனங்கள் தனித்தனியாக விதிப் புத்தகம் போட்டு எழுதிவைத்திருக்கின்றன. ரோயிங்கில் தண்டு படகின் பக்கவாட்டுக் கம்பியில் பூட்டப்பட்டிருக்கும். வீரர் பின்னோக்கி உட்கார்ந்து வலிப்பார். ஒலிம்பிக் தூரம் 2000 மீட்டர். கயாக்கிலும் கனூவிலும் துடுப்பு எங்கேயும் பூட்டப்படுவதில்லை, முகம் முன்னோக்கி, உலகப் போட்டித் தூரங்கள் 200, 500, 1000, 5000 மீட்டர். சம்மேளனம் வேறு, படகு வேறு, உடம்பு வேலை செய்யும் விதம் வேறு. ஹாங்ஜோவில் இந்தியாவுக்கு ரோயிங்கில் ஐந்து பதக்கம், பாய்மரப் படகில் மூன்று, கனூவில் ஒன்று. ஒன்பதையும் ‘படகுப் போட்டி’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டினோம். டேபிள் டென்னிஸ், டென்னிஸ், பாட்மின்டன் மூன்றையும் ‘வலைப் போட்டி’ என்று எழுதினால் அடுத்த நாள் ஆபீஸ் வாசலில் ஆள் நிற்பார்கள். படகு என்றால் மட்டும் யாரும் வருவதில்லை. நாகப்பட்டினத்திலிருந்து ஒரே ஒரு போன்.

அந்த ஒற்றைப் பதக்கத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். இந்தியா அதற்கு முன்னால் ஆசிய விளையாட்டுக் கனூவில் பதக்கம் வாங்கியது 1994 ஹிரோஷிமாவில். அதுவும் இதே இரட்டையர் 1000 மீட்டர், அதுவும் வெண்கலம். இருபத்தொன்பது வருட இடைவெளி. சுனில் சிங், மணிப்பூரில் லோக்தாக் ஏரிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்துப் பையன். இதைவிட நல்ல செய்தி அந்த வாரத்தில் எத்தனை வந்தது? நமக்கு அது ஆறு வரி.

சரி, அது பதக்கம் வந்த நாள். பதக்கம் வராத நாளில்?

2025 ஆகஸ்ட் 20 முதல் 24 வரை மிலானில் கனூ ஸ்பிரின்ட் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. இத்ரோஸ்காலோ என்ற செயற்கை ஏரி. நீரில் இறங்கும் விமானங்களுக்காக வெட்டி 1930-ல் திறந்த ஏரி அது. இன்றைக்கும் லினாட்டே விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஐந்து நாளும் நான் வாங்குகிற மூன்று தமிழ் நாளிதழ்களைப் புரட்டினேன். ஒரு வரி இல்லை. ‘சில வரிகள்’ பத்தியில்கூட இல்லை. 1938-ல் ஸ்வீடனில் வாக்ஸ்ஹோமில் தொடங்கிய உலகப் போட்டி, தமிழில் இன்னும் நடக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வேலையை விட்டபின் பொழுது இருக்கிறது. கைப்பேசியில் பழைய பந்தயங்களையெல்லாம் பார்க்கத் தொடங்கினேன். அந்தப் பெரியவர் சொன்னதைச் சரிபார்க்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். எழுந்திருக்க முடியவில்லை. என்ன பார்த்தேன் என்று கொஞ்சம் சொல்கிறேன், பக்கத்தில் இடம் இருந்திருந்தால் நீங்கள் எழுதியிருக்க வேண்டியது இது.

தொடக்கக் கோட்டில் ஒன்பது ஓடுதடம். ஒவ்வொன்றும் ஒன்பது மீட்டர் அகலம். ஒவ்வொரு படகின் முன்நுனியும் நீரில் மிதக்கிற ஒரு கிண்ணத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும், கன்று தொட்டியில் முகம் வைத்த மாதிரி. சத்தம் கேட்டதும் ஒன்பது கிண்ணமும் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் அமிழ்ந்துவிடும். யாரும் முந்திக்கொண்டு கிளம்ப முடியாது. முந்தினால் கிண்ணத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கே-1 என்கிற ஒற்றையர் கயாக் அதிகபட்சம் 5.20 மீட்டர் நீளம். பதினேழு அடி. எடை 12 கிலோவுக்குக் குறையக் கூடாது. அதாவது பதினேழு அடிப் படகு, அரைச் சிப்பம் அரிசி எடை. பந்தயம் முடிந்ததும் படகைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். குறைந்தால் வெற்றி செல்லாது. அகலமோ இடுப்பு நுழைகிற அளவுதான். கற்றுக்கொள்ள ஏறுகிறவர் முதல் நாள் முழுக்கத் தண்ணீரில்தான் கிடப்பார். நமக்கு இது கையின் வேலை என்று தோன்றும். காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது, கை அதில் கடைசி ஆள். இடது துடுப்பு இறங்கும்போது இடது கால் உதைக்கிறது, இடுப்பு திரும்புகிறது, முதுகு திறக்கிறது, அப்புறம்தான் கை. முழங்கால் இரண்டும் தையல் மிஷின் மிதிக்கிற மாதிரி ஏறி இறங்குகின்றன. இரண்டு பாதத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கம்பி; அதைக் காலால் தள்ளினால் பின்னால் சுக்கான் திரும்பும். துடுப்பின் இலை தட்டையாக இல்லை, குழிந்து முறுக்கிய இறக்கை மாதிரி இருக்கிறது. 1980களின் நடுவில் ஸ்வீடன்காரர்கள் கொண்டுவந்த வடிவம். கொஞ்ச காலத்திலேயே பழைய தட்டைத் துடுப்பு பந்தயத்திலிருந்து காணாமல் போய்விட்டது.

கனூ இதற்கு நேர் எதிர். சி-1 என்கிற ஒற்றையர் கனூவில் வீரர் படகுக்குள் ஒரு முழங்காலை ஊன்றி, இன்னொரு காலை முன்னால் வைத்து, மெட்டி போடக் குனிந்த மாப்பிள்ளை மாதிரி நிற்பார். துடுப்புக்கு ஒரு முனைதான். கடைசிவரை ஒரே பக்கம்தான் போடுவார். ஒரே பக்கம் போட்டால் படகு வட்டமடிக்கத்தானே செய்யும்? செய்யும். சுக்கானும் கிடையாது. ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் துடுப்பை லேசாகத் திருப்பிப் படகை நேராக்கிக்கொண்டே போக வேண்டும். ஆயிரம் மீட்டர், நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு முழங்காலில். பள்ளிக்கூடத்தில் மண்டி போட்டவர்களுக்கு இது எவ்வளவு நேரம் என்று சொல்ல வேண்டியதில்லை. பக்கவாட்டில் காற்று அடித்தால் இன்னும் வேடிக்கை: இடப்பக்கம் துடுப்புப் போடுகிறவருக்கு ஒரு கஷ்டம், வலப்பக்கம் போடுகிறவருக்கு வேறு கஷ்டம். ஒரே காற்று, ஒரே ஏரி.

சின்ன வயதில் சென்னைக் கடற்கரையில் கட்டுமரத்தில் மண்டி போட்டுத் துடுப்புப் போட்டுக்கொண்டு அலை தாண்டிப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்போது ஃபைபர் படகும் இன்ஜினும் வந்துவிட்டது. சி-1 பந்தயத்தை முதலில் பார்த்தபோது அந்த உருவம்தான் ஞாபகம் வந்தது. உறவு கொண்டாடச் சொல்லவில்லை, அவர்கள் படகு வேறு கண்டத்து ஆறுகளிலிருந்து வந்தது. கயாக் என்ற சொல் இனுயிட் மக்களுடையது. கனூ கரீபியத் தீவுகளின் சொல், ஸ்பானியர் வாய் வழியாக வந்தது. நம் கட்டுமரமும் இங்கிலீஷுக்குப் போய் ‘காட்டமரான்’ ஆகி, இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகுக்குப் பேராகிவிட்டது. சொல் போகட்டும். ஆனால் துடுப்பையும் தண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த கடற்கரை உள்ள மொழியில், ரெண்டையும் கலந்தடிப்பது பிழை திருத்துநன் என்ற முறையில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

‘ஆள் தெரியாத விளையாட்டு, யார் படிப்பார்கள்?’ என்று செய்தி ஆசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆள் தெரியாமல் இருப்பதற்குக் காரணமே நாம் சொல்லாததுதான் என்பது ஒரு பக்கம். கதை இல்லாமல் இருந்தால் நானும் விட்டுவிடுவேன். ஒரே ஒரு கதை சொல்கிறேன். மூன்று பெண்கள், ஒரு 200 மீட்டர்.

கனூவில் ஆண்கள் 1936 பெர்லினிலிருந்தே ஒலிம்பிக்கில் போட்டியிடுகிறார்கள். பெண்களுக்குக் கயாக்கை 1948-ல் திறந்தார்கள். கனூவை மட்டும் தரவில்லை. மண்டி போட்டு ஒரு பக்கமாக இழுத்தால் பெண் உடம்புக்கு ஆகாது, கர்ப்பப்பைக்கு ஆகாது என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் வீட்டிலும் பெண் பிள்ளை சைக்கிள் விட ஆசைப்பட்டபோது சொன்னதுதான்.) உலக சாம்பியன்ஷிப்பில் 2010-ல் போலந்தின் போஸ்னானில்தான் பெண்கள் கனூவுக்கு முதன்முதலாகப் பதக்கம் கொடுத்தார்கள். 200 மீட்டரை வென்றவர் கனடாவின் லாரன்ஸ் வின்சென்ட் லாப்வான்ட். அதன்பின் பலமுறை உலக சாம்பியன் ஆனார். ஆனால் அவர் ஜெயித்துக்கொண்டிருந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் இல்லை.

கடைசியில் 2020 டோக்கியோ ஒலிம்பிக்குக்குச் சேர்த்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2019-ல், ஹங்கேரியின் செகெட் நகரில் உலக சாம்பியன்ஷிப். தொடங்கும் நேரத்தில் லாப்வான்டின் ஊக்கமருந்துச் சோதனையில் லிகான்ட்ரால் என்ற பொருளின் சுவடு. தற்காலிகத் தடை. அவர் இல்லாத பந்தயத்தில் அமெரிக்காவின் பதினேழு வயது நெவின் ஹாரிசன் உலக சாம்பியன் ஆனார். ஐந்து மாதம் கழித்து, 2020 ஜனவரியில், அந்தப் பொருள் முன்னாள் காதலரின் உடலிலிருந்து நெருக்கத்தின் வழியாக வந்தது என்ற விளக்கம் ஏற்கப்பட்டு லாப்வான்ட் விடுவிக்கப்பட்டார். அப்புறம் கொரோனா, ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனது. 2021-ல் நடந்தபோது தங்கம் ஹாரிசனுக்கு, வெள்ளி லாப்வான்டுக்கு. இரட்டையரில் லாப்வான்ட் தன் ஜோடியோடு வெண்கலமும் வாங்கினார். அந்த ஜோடியின் பெயர் கேட்டி வின்சென்ட். பெயர் ஒத்திருக்கிறதே தவிரச் சொந்தம் இல்லை.

இனி பாரிஸ், 2024. பெண்கள் சி-1 200 மீட்டர் இறுதி. ஹாரிசனும் கேட்டி வின்சென்டும் கோட்டை ஒன்றாகக் கடந்தார்கள். கண்ணுக்குத் தெரியவில்லை. பலகையில் வந்தது: வின்சென்ட் 44.12, ஹாரிசன் 44.13. அந்த வேகத்தில் நூறில் ஒரு விநாடி என்றால் நாலரை சென்டிமீட்டர். ஒரு தீப்பெட்டி நீளம்கூட இல்லை. எண்பத்தைந்து வருடம் வாசலில் நிற்கவைத்த ஒரு போட்டி, உள்ளே விட்ட இரண்டாவது ஒலிம்பிக்கிலேயே இப்படி ஒரு முடிவைக் கொடுத்தது. இதற்கு மூன்று பத்தி இடம் தர மாட்டீர்களா? மருந்து, காதல், தடை, தோழி, தீப்பெட்டி எல்லாம் இருக்கிறது. வாரமலர்க்காரரே வாங்கிக்கொள்வார்.

இன்னும் இருக்கிறது. நியூசிலாந்தின் லிசா காரிங்டன் 2012, 2016, 2021 என்று தொடர்ந்து மூன்று முறை கே-1 200 மீட்டரில் தங்கம் வாங்கினார். பாரிஸுக்கு அந்தப் போட்டியையே ஒலிம்பிக் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். நம்மூரில் என்றால் ஓய்வு அறிவித்து, சிலை வைத்து, சட்டசபையில் தீர்மானம் போட்டிருப்பார்கள். அவர் போய் 500 மீட்டரில் ஒற்றையர், இரட்டையர், நால்வர் மூன்றிலும் தங்கம் வாங்கிக்கொண்டு வந்தார். மொத்தம் எட்டு ஒலிம்பிக் தங்கம். அதே எட்டை அவருக்கு முன்னால் எட்டியவர் ஜெர்மனியின் பிர்கிட் ஃபிஷர். பதினெட்டு வயதில் மாஸ்கோவில் முதல் தங்கம், நாற்பத்திரண்டு வயதில் ஏதென்ஸில் கடைசி. நடுவில் அவர் பிறந்த நாடே வரைபடத்திலிருந்து மறைந்துவிட்டது. கிழக்கு ஜெர்மனிக்காகத் தொடங்கி ஒன்றுபட்ட ஜெர்மனிக்காக முடித்தார்.

பிரேசிலின் இசாகியாஸ் கெய்ரோஸ் இன்னொருவர். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். அவர் ஊர் உபைதாபா. துப்பி என்ற அந்நாட்டுப் பழங்குடி மொழியில் படகுகளின் ஊர் என்று பொருள். 2016-ல் ரியோவில் சொந்த நாட்டு மக்கள் முன்னால் ஒரே ஒலிம்பிக்கில் மூன்று பதக்கம் வாங்கிய முதல் பிரேசில்காரர் ஆனார். டோக்கியோவில் சி-1 1000 மீட்டர் தங்கம். பாரிஸில் செக் நாட்டின் மார்ட்டின் ஃபுக்சாவுக்கு அடுத்து வெள்ளி.

இந்தியர்தான் வேண்டுமென்றால் பிராச்சி யாதவ் இருக்கிறார். குவாலியரைச் சேர்ந்தவர், நீச்சலிலிருந்து வந்தவர், மாற்றுத்திறனாளிகளுக்கான கனூ. டோக்கியோ பாராலிம்பிக்கில் இறுதிவரை போய் எட்டாவதாக வந்தார். ஹாங்ஜோ ஆசிய பாரா விளையாட்டில் ஒரு தங்கம், ஒரு வெள்ளி. வெள்ளி வாங்கியது ‘வா’ என்கிற படகில். பக்கத்தில் ஒரு மிதவைக் கட்டை கைநீட்டிக்கொண்டு வரும். தங்கம் கயாக்கில். ஒரே ஆள், இரண்டு வகைப் படகு, இரண்டு வகைத் துடுப்பு. ‘படகுப் போட்டியில் இரண்டு பதக்கம்’ என்று எழுதினால் அவர் செய்த காரியத்தில் பாதி காணாமல் போகிறது.

ஹங்கேரியில் நிலைமை வேறு. அங்கே கயாக்கும் கனூவும் தெருவில் போகிறவருக்கும் தெரிந்த விளையாட்டு. செகெட் நகரம் 1998, 2006, 2011, 2019 என்று நாலு முறை உலக சாம்பியன்ஷிப் நடத்தியிருக்கிறது. கரை நெடுகக் கூட்டம். அந்த மொழியின் பேச்சுவழக்கில் ‘கயாக்’ என்ற சொல்லுக்கு ‘நிஜமாவே’ என்று ஒரு அர்த்தம் ஏறியிருக்கிறது. ‘நிஜமாவே சொல்றியா?’ என்பதற்குக் ‘கயாக்’ போட்டுப் பேசுவார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு விளையாட்டு மொழிக்குள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நம் மொழிக்குள் அது இன்னும் சரியான பெயரோடுகூட நுழையவில்லை. கேனோ, கனோ, கனூ, கெனாய் என்று ஒரே பத்திரிகையில் நாலு விதம் பார்த்திருக்கிறேன். நான் கனூ என்று எழுதுகிறேன். உங்களுக்குக் கனோ பிடித்தால் கனோ என்றே வையுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஒன்றை வையுங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ரோயிங் என்றால் தண்டுப் படகு என்று எழுதலாம். கயாக், கனூ இரண்டுக்கும் பொதுவாகத் துடுப்புப் படகு; பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கயாக், கனூ என்றே போடலாம், வாசகர் புரிந்துகொள்வார். செயிலிங்குக்குப் பாய்மரம் என்று ஏற்கனவே எழுதுகிறோம். சென்னை நேத்ரா குமணன் ஒலிம்பிக் போனதால் அந்த ஒரு சொல் நமக்குச் சரியாக வந்துவிட்டது. வீட்டுப் பெண் போனால் சொல் தானாக வருகிறது. மற்றதற்கும் யாராவது போகும்வரை காத்திருக்க வேண்டுமா என்ன?

படம் எடுக்கும்போது முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு விநாடி பாருங்கள். படகு போகும் திசையில் முகம் இருந்தால் துடுப்பு. முதுகு இருந்தால் தண்டு. மண்டி போட்டிருந்தால் கனூ, உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாற்றிப் போட்டால் கயாக். இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தால் போதும். நான் இருந்த மேஜையில் ‘முயற்சி - முயற்ச்சி அல்ல’ என்று ஒரு சீட்டு பத்தொன்பது வருடம் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

அப்புறம், வருடத்துக்கு ஒரு முறை, அந்த ஐந்து நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், கால் பக்கம் கொடுங்கள். இந்தியர் பதக்கம் வாங்கினால்தான் என்று நிபந்தனை வேண்டாம். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் இல்லாத வாரத்திலும் எழுதுகிறோம். விம்பிள்டனில் இந்தியர் முதல் சுற்றில் தோற்ற பிறகும் இரண்டு வாரம் எழுதுகிறோம். ஐபிஎல் ஏலத்தில் விலை போகாதவர் பட்டியலுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதை நானே பிழை திருத்தியிருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் ஐபிஎல்லும் இல்லை. பக்கம் நிரப்ப நீங்கள் என்ன பாடுபடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்தப் பெரியவர் போனை வைத்த பிறகு நான் டெஸ்க்கில் போய், திருத்தம் போடலாமா என்று கேட்டேன். “இதுக்கெல்லாமா சார்?” என்றார்கள். நானும் சரி என்று வந்துவிட்டேன். அவர் பெயரைக் கேட்கவில்லை, எண்ணையும் குறித்துக்கொள்ளவில்லை. அன்றைக்குப் போடாத திருத்தத்தை இங்கே போடுகிறேன். அவர் கண்ணில் படுமா தெரியாது.

திருத்தம்: 2023 அக்டோபர் 4 அன்று ‘துடுப்புப் படகில் மேலும் ஒரு வெண்கலம்’ என்ற செய்தியுடன் வெளியான படத்தில் இருப்பவர்கள், தண்டுப் படகுப் போட்டியில் வெண்கலம் வென்ற நால்வர் அணியினர். செய்தியில் குறிப்பிடப்பட்ட அர்ஜுன் சிங், சுனில் சிங் சலாம் ஆகியோர் இருவர். அவர்கள் வென்றது கனூ இரட்டையர் 1000 மீட்டர். ‘மேலும் ஒரு’ என்றிருப்பதும் தவறு. கனூவில் அதற்கு முந்தைய பதக்கம் 1994-ல் வந்தது. பிழைக்கு வருந்துகிறோம்.

இப்படிக்கு,
முன்னாள் பிழை திருத்துநர் ஒருவர்